அண்ணாந்து குடிக்காதீங்க, சார்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மார்பில் ஒரு துண்டைப் போட்டு. சொல்லிக் கொடுத்தவர் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருகிற பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

"தலையைக் குனிங்க சார். தாடை நெஞ்சைத் தொடணும். மூச்சை இழுத்துப் புடிச்சுக்கங்க. இப்ப விழுங்குங்க. மூச்சை உள்ள இழுக்காதீங்க, இருமுங்க. மறுபடி விழுங்குங்க. ஆங், இப்ப மூச்சு விடலாம்."

அரை ஸ்பூன் தண்ணீருக்கு இத்தனை வேலை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசராக இருக்கிற, இரும்புத் தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில், ஆள் உயர மெஷினை ஓட்டுவதற்குக்கூட இதைவிடக் குறைவான விதிகள்தான் சுவரில் ஒட்டியிருக்கின்றன. அதையும் யாரும் படிப்பதில்லை.

பேச முடியாததால் குழந்தைகள் எழுதி அழிக்கும் சிலேட்டு ஒன்று வைத்திருந்தேன். அதில், 'சின்ன வயதிலிருந்து அண்ணாந்து குடித்தே பழக்கம்' என்று எழுதிக் காட்டினேன்.

"அதைத்தான் சார் மொதல்ல மறக்கணும். அண்ணாந்து குடிக்காதீங்க சார். டம்ளர்ல வாய் வெச்சு, குனிஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா."

டம்ளரில் வாய் வைப்பது என்பது எங்கள் வீட்டில் செருப்போடு சாமி அறைக்குள் போவதற்கு அடுத்தபடியான குற்றம். சொம்போ, டம்ளரோ, பாட்டிலோ, உதட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்து எச்சில் படாமல் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதில் எனக்குத் திறமை உண்டு. ஓடுகிற ரயிலில் படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டு, கொரட்டூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவே, சட்டையில் ஒரு சொட்டு சிந்தாமல் பாதி பாட்டிலைக் காலி செய்வேன். வாழ்க்கையில் நான் பிசகில்லாமல் செய்துவந்த ஒரே காரியம் அது. அதைத்தான் மறக்கச் சொன்னார்கள்.

இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அதுவரை என்னுடையது கீச்சுக் குரல். போனில் கடன் அட்டை விற்க வருகிறவர்கள் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் திடீரென்று 'சார்' என்றார்கள். பிரஸ் ஷாப்பின் சத்தத்தில் கத்திக் கத்தி ஒருவழியாக ஆம்பளைக் குரல் வந்துவிட்டது என்று நினைத்தேன். டீக்கடையில் எனக்கு முப்பது வருஷச் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். கொரட்டூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன். அவன் என்னை 'மாமே' என்பான், நான் அவனை 'மச்சான்' என்பேன். உறவு எதுவும் கிடையாது. அவன்தான் முதலில் பாராட்டினான்.

"இன்னா மாமே, வாய்ஸு செம கெத்தா கீது? வில்லனாட்டம் பேசுறே!"

அந்தப் பாராட்டைக் கொண்டாட இன்னொரு சிகரெட் பற்றவைத்தேன். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று வீட்டில் ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொண்டிருந்தபோதும் டீக்கடையில் சிகரெட் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது காது வலிக்கிறது என்று சொன்ன அன்றுதான் என் மனைவி என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். குரல்வளையில் புற்றுநோய். அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது நோய் அல்ல, குரல்வளையின் உத்தியோகம்.

"குரல் குடுக்குறது அதுக்கு சைடு பிசினஸ் சார். மெயின் வேலை வாட்ச்மேன் வேலை. சாப்பாடு வந்தா மூச்சுக்குழாய் கேட்டை மூடணும், மூச்சு வந்தா தொறக்கணும். ரெண்டு வழி இருக்கு. முழுசா எடுத்துட்டா விழுங்குறதுல பயமில்ல. ஆனா கழுத்துல நிரந்தரமா ஒரு ஓட்டை, அது வழியாத்தான் மூச்சு. உங்க குரல் போயிடும். உங்க கட்டி இருக்குற எடத்துக்குப் பாதி எடுத்தாப் போதும்னு நெனைக்கிறேன். குரல் ஏதோ ஒரு அளவுக்கு நிக்கும். மூச்சும் மூக்கு வழியாவே. ஆனா வாட்ச்மேனுக்குக் கையும் காலும் போயிருக்கும். நீங்கதான் அவனுக்குப் புதுசா வேலை கத்துக்குடுக்கணும். அவன் கத்துக்கலேன்னா சாப்பாடு நுரையீரலுக்குள்ள போய்க்கிட்டே இருக்கும். அப்படியே வுட முடியாது. மிச்சத்தையும் எடுத்துற வேண்டியதுதான்."

எங்கள் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேனை நினைத்துக்கொண்டேன். கையும் காலும் முழுசாக இருந்தும் அவர் கேட்டை மூடி நான் பார்த்ததில்லை. கவலையாக இருந்தது.

"மிச்சத்தை வெச்சு ஜோக்கு சொல்ல முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தாராளமா. சாப்புடும்போது மட்டும் சொல்லாதீங்க, யாரையும் சொல்லவும் வுடாதீங்க."

டாக்டருக்கும் நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அவர் வைத்தியம் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

அதே மாதத்தில் மகளும் ஒரு செய்தி வைத்திருந்தாள். அவள் ஆபீசில் கூட வேலை செய்கிற பையன், பட்டாபிராம் குடும்பம். எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்துவிட்டிருந்தார்கள். நிச்சயதார்த்தத்தில் பெரியவர்கள் முன்னிலையில் 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை சொல்வது மட்டும்தான் என் பங்கு. ஆயுசுக்கும் வாயால் பிழைத்தவனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வசனம், அதற்கும் குரல் நிற்குமா என்று தெரியாது. பாதிதான் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு குழாய். மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு, கழுத்துக் குழாய் வழியாக மூச்சு. வாய்க்கு எந்த வேலையும் இல்லை. என் உடம்பில் அதிகம் உழைத்த உறுப்புக்குக் கட்டாய விடுப்பு கொடுத்திருந்தார்கள்.

சிலேட்டில் ஜோக் எழுதுவது போலக் கஷ்டமான காரியம் உலகத்தில் இல்லை. எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். மச்சான் பார்க்க வந்திருந்தபோது நர்ஸைப் பற்றி ஒன்று எழுதிக் காட்டினேன். படித்தான், பவ்யமாகத் தலையாட்டினான், "கவலப்படாதே மாமே, எல்லாம் சரியாப் பூடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குப் போன பிறகு என் மனைவிக்குப் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தானாம்.

ஒருநாள் டாக்டர் கழுத்துக் குழாயை விரலால் மூடிக்கொண்டு ஏதாவது பேசச் சொன்னார். மனைவி, மகள், பூந்தமல்லியிலிருந்து வந்த அக்கா, மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தன்னைத்தான் கூப்பிடப் போகிறேன் என்று மூவருமே நினைத்தது முகத்தில் தெரிந்தது. நான் விரலை வைத்து மூடி, பலம் கொண்ட மட்டும் முயன்று, "டீ" என்றேன்.

தகரத்தில் ஆணியால் கீறிய மாதிரி இருந்தது. ஆனாலும் டீதான், சந்தேகமில்லை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று கேட்க இன்னொரு முறை விரலை வைக்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

டீ உடனே கிடைக்கவில்லை. தண்ணீரும் டீயும்தான் கடைசிப் பாடம் என்று பயிற்சிப் பெண் சொல்லிவிட்டார். ஒல்லியான எதுவும் வாட்ச்மேன் கண்ணில் படுவதற்குள் உள்ளே நுழைந்துவிடுமாம். கெட்டியானது மெதுவாக வரும், ஆள் அடையாளம் தெரியும். முதல் அரை ஸ்பூன் தண்ணீரை அவர் சோதனைக்காகத்தான் கொடுத்தார். நான் தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்து, எல்லாம் சரியாகச் செய்தும், அது நேராக நுரையீரலைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. புரை ஏறி, கண்ணில் தண்ணீர் வர, கழுத்துக் குழாய் விசிலடிக்க இருமினேன்.

என் மனைவி ஓடிவந்து என் உச்சந்தலையில் தட்டினாள். "யாரோ நெனைக்கிறாங்க" என்றாள்.

"யாரும் நெனைக்கல மேடம். தண்ணி ரூட்டு மாறிப் போவுது. தலையில தட்டாதீங்க" என்றார் பயிற்சிப் பெண்.

அவர் படித்தவர், சொல்லிவிட்டார். ஆனால் புரை ஏறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லாமல் இருக்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கிண்ணம் மோர்ப் பொங்கல் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊரே என்னை நினைத்துத் தீர்த்தது. வேலைக்குப் போய்வந்த நாட்களில் இவ்வளவு பேர் என்னை நினைத்ததில்லை. செய்தி பூந்தமல்லிக்கும் போனது. அக்கா சாப்பாட்டு நேரத்தில் என் மனைவிக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள்.

"இப்பத்தான் தம்பிய நெனைச்சேன். பொறை ஏறிச்சா?"

"ஏறிச்சு அண்ணி."

"பாத்தியா! நான்தான்!" அக்காவின் குரலில் ஒரு பெருமை.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்த என் மனைவி, கடைசியில் கெஞ்சிவிட்டாள். "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது. சாப்பாட்டு நேரத்துல மட்டும் அவர நெனைக்காதீங்க. மத்த நேரத்துல எவ்ளோ வேணா நெனைச்சுக்குங்க."

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஒருத்தரை நினைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் அடிக்கடி சொன்னாள்.

எதை எவ்வளவு கெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் மனைவி அதை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். அவளுக்கு அது ரசம், சாம்பார், தோசை மாவு, கூழ். "நீங்க இப்ப கூழ்ல கீறீங்க. நல்லா முழுங்கினா அடுத்த வாரம் தோசை மாவு." பள்ளிக்கூடத்தில் வகுப்பு மாற்றுவதுபோல. நான் தோசை மாவில் இரண்டு முறை பெயிலாகிக் கூழுக்குத் திரும்பினேன்.

கூழ் என்றதும் ஒன்று தோன்றியது. இன்றைக்கு எங்கள் அப்பார்ட்மெண்ட் நிற்கிற இடத்தைச் சுற்றித்தான் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கேழ்வரகுக் கூழ் குடித்தார்கள். பிள்ளைகளாவது மூன்று வேளையும் சோறு தின்னட்டும் என்றுதான் அப்பா எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அதே இடத்தில், மூன்றாவது மாடியில், லிஃப்ட் வசதியோடு, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து நான் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் சிரிப்புக்குத் தடை வந்தது இந்தக் காலத்தில்தான். விழுங்கும்போது சிரித்தால் கேட்டு பப்பரப்பே என்று திறந்துகொள்ளும். சாப்பாட்டு வேளையில் யாரும் சிரிப்புமூட்டக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டாள். முக்கியமாக நான். டிவியில் காமெடி சேனல் கூடாது, செய்தி மட்டும். முதல் நாளே விவாத நிகழ்ச்சியில் நாலு பேர் ஒரே சமயத்தில் நாட்டைக் காப்பாற்றக் கிளம்பியதைப் பார்த்து எனக்குப் புரை ஏறியது. டிவியே கூடாது என்று ஆனது. அதன் பிறகு சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மௌனமாகச் சாப்பிட்டோம். வெளியிலிருந்து யாராவது பார்த்தால், பெண் காதலிப்பதால் வீட்டில் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

மூக்குக் குழாயையும் கழுத்துக் குழாயையும் எடுத்த பிறகு டீக்கடைக்குப் போனேன். தண்ணீரையும் டீயையும் கெட்டியாக்க ஒரு பவுடர் கொடுத்திருந்தார்கள். அதை டீயில் போட்டுக் கலக்கினால் அது பாயசமும் இல்லாமல் பசையும் இல்லாமல் ஒரு மாதிரியாக நிற்கும். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, என் டீயில போஸ்டர் ஒட்டப் போறியா?"

"யோவ், அவர சிரிக்க வைக்காதே! உசுருக்கே ஆபத்து!" என்று மச்சான் கத்தினான். பிறகு பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் விளக்கினான். "மாமே டீ துன்னு முடிக்கிற வரிக்கும் எவனும் காமெடி பண்ணக் கூடாது. சீரியஸான மேட்டரா பேசுங்க."

சீரியஸான மேட்டர் என்னவென்று எல்லோரும் யோசித்தார்கள். ஒருவர் கால்வாய் அடைப்பைப் பற்றி ஆரம்பித்தார். இன்னொருவர் ஏரி நிரம்பினால் யார் வீட்டில் முதலில் தண்ணீர் வரும் என்றார். மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவன் குரலில், "காப்பர் ஒயர் வெலை பயங்கரமா ஏறிக்கினு கீது" என்றான். அவ்வளவுதான். கால்வாயோ ஏரியோ செய்யாததை மச்சானின் சோகமான மூஞ்சி செய்துவிட்டது. டீ மூக்கு வழியாக வந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணலியே மாமே!" என்றான் பாவமாக. உண்மைதான். முப்பது வருஷமாக அவன் ஜோக் சொன்னால் எவனும் சிரித்ததில்லை. எப்போதும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவான். சிரிக்கவைக்கக் கூடாது என்று பாடுபட்டபோதுதான் அவனுக்கு அந்தக் கலை கைகூடியது.

அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்திருந்தார்கள். விழுங்குவதை எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். அதற்குள்ளே பட்டாபிராமில் பிள்ளை வீட்டைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. தொண்டையில் ஒரு ஆபரேஷன் என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருந்தோம். மனைவி எனக்கென்று ஒரு டம்ளரையும் அந்தப் பவுடர் டப்பாவையும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எங்கே போனாலும் அவை அவள் கூடவே வரும்.

பிள்ளையின் அப்பா ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீசையும், சுத்தமும், அடுக்கி வைத்த செருப்புகளும். பேச ஆரம்பித்த உடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் என் ஜாதி. ஜோக் சொல்கிற ஜாதியைச் சொல்கிறேன். வாசலில் நின்றபடியே, "வாங்க சம்பந்தி! பசங்க லவ்வ முடிச்சுட்டாங்க, நாம கல்யாணத்த ஆரம்பிக்கலாம்" என்றார். நான் என் தகரக் குரலில் சிரித்தேன். அது என்ன சத்தம் என்று வீட்டு நாய் எழுந்து பார்த்தது.

பெண்கள் உள்ளே சமையலறைக்குப் போனார்கள். என் டம்ளர் என் மனைவியின் கைப்பையில். கைப்பை சமையலறையில். கூடத்தில் நானும் சம்பந்தியும்.

நல்ல வெயில். அவர் ஒரு பெரிய பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். முதலில் தான் குடித்தார். என்ன அழகு! தலையை நிமிர்த்தி, கை நீட்டமாகத் தூக்கி, கயிறு போல ஒரே தாரை, தொண்டை அசைவது மட்டும் தெரிந்தது. சொம்பை இறக்கி, மீசையைத் தடவிக்கொண்டு, என்னிடம் நீட்டினார்.

"புடிங்க சம்பந்தி. பானைத் தண்ணி."

டம்ளர் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்கவாவது எனக்குக் குரல் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன், சொம்பைப் பார்த்தேன். இதில் வாய் வைத்தால் இந்தச் சொம்பு இனி இந்த வீட்டில் பூச்செடிக்குத்தான். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் முதல் நாளே எச்சில் பண்ணிய அப்பன் என்று பேர். பயிற்சிப் பெண் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒருபுறம், ரயில் படிக்கட்டில் நின்று குடித்த என் கை மறுபுறம். கை ஜெயித்துவிட்டது. சொம்பு மேலே போனது. தலை பின்னால் சாய்ந்தது. அவர் ஊற்றியதற்குக் குறையாத தாரை.

அந்த நேரம் பார்த்து சம்பந்தி சொன்னார். "பரவால்லியே சம்பந்தி! நான்கூட ஃபிளாட்டுக்காரங்கன்னா ஸ்ட்ரா கேப்பீங்கன்னு நெனைச்சேன்."

அண்ணாந்து குடிப்பதும் சிரிப்பதும் சேர்ந்து நடந்தால் என்னாகும் என்று எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே தெரிந்துகொண்டேன். தண்ணீர் மூக்கிலும் சட்டையிலும் சம்பந்தியின் மீசையிலும் வந்தது. வராத பாக்கி உள்ளே போனது. மூச்சு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கூடம் மங்கியது. சம்பந்தி பாய்ந்துவந்து என் உச்சந்தலையில் ராணுவ பலத்தோடு ஒரு தட்டு தட்டினார். "யாரோ நெனைக்கிறாங்க!" சமையலறையிலிருந்து மனைவி கைப்பையோடு ஓடிவந்தாள். அந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். இருமி இருமி ஒருவழியாக மூச்சு வந்தபோது, என் மகள் பையனின் தோளுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ராத்திரியே குளிர் ஜுரம். நெஞ்சில் சளி கட்டி, மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் நெஞ்சுப் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி இவ்ளோ போயிருக்கு. எப்படி சார் குடிச்சீங்க?"

சொம்பு என்றேன். எப்படி என்று கையைத் தூக்கிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"இது சரியாவட்டும். அப்புறம் எக்ஸ்ரே டெஸ்ட்டு. அதுல நீங்க குனிஞ்சு குடிச்சும் உள்ள போச்சுன்னா, நான் மிச்சத்தையும் எடுத்துறலாம்னுதான் சொல்வேன். உங்க நுரையீரல் இன்னொரு தடவை இதத் தாங்காது." இந்த முறை நான் ஜோக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜுரம் விட்ட பிறகு நான் ஒழுங்கான மாணவன் ஆனேன். காலையிலும் மாலையிலும் கண்ணாடி முன் குனிந்து, மூச்சைப் பிடித்து, விழுங்கி, இருமி, விழுங்கினேன். மனைவி வாசற்படியில் நின்று பார்ப்பாள். இருவரும் சிரிக்க மாட்டோம். இரவில் படுத்துக்கொண்டு 'சம்மதம், சம்மதம்' என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் அவள் இருட்டில், "எதுக்குங்க சம்மதம்?" என்று கேட்டாள். "எதுக்கா இருந்தாலும்தான்" என்றேன். நல்ல வேளை, அப்போது நான் எதையும் விழுங்கிக்கொண்டிருக்கவில்லை.

டெஸ்ட் அன்று சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஒன்றைக் கொடுத்தார்கள். எதிரில் இருந்த திரையில் என் மண்டை ஓடு, பல்வரிசை, கழுத்தெலும்பு எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிந்தன. முதலில் கெட்டியானது. என் மண்டை ஓடு பவ்யமாகக் குனிந்தது. வெள்ளையாக விழுங்கியது திரையில் கறுப்பு உருண்டையாக நாக்கைத் தாண்டி வளைந்து இறங்கிப் போனது. "குட்" என்றது ஒரு குரல். பிறகு கொஞ்சம் ஒல்லி. அதுவும் போனது.

"இப்ப தண்ணி மாதிரி. அவசரமில்ல சார்."

டம்ளரின் விளிம்பில் உதட்டை வைத்தேன். தாடையை நெஞ்சில் அழுத்தினேன். மூச்சைப் பிடித்தேன். விழுங்கினேன். திரையில் அந்தக் கறுப்புத் தண்ணீர் கீழே வந்தது. பெரும்பகுதி சரியான பக்கம் திரும்பியது. ஒரு மெல்லிய இழை மட்டும் தயங்கி, மூச்சுக்குழாய் வாசலில் எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு கால் வைத்தது. என் குரல் அந்த இழையில் தொங்கிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

இருமினேன். பிரஸ் ஷாப்பில் சைரனுக்கு மேல் கத்திப் பழகிய நெஞ்சு அது, முழு பலத்தையும் போட்டது. அந்த இழை துள்ளி மேலே வந்தது. மறுபடி விழுங்கினேன். அது நல்ல பிள்ளையாக அடுத்த வழியில் இறங்கியது. டாக்டர் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். நான் என் மண்டை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மட்டும்தான் அந்த அறையில் சிரித்துக்கொண்டிருந்தது.

"வாட்ச்மேன் தூங்கத்தான் செய்யிறாரு," என்றார் டாக்டர் கடைசியில். "ஆனா தட்டினா எழுந்துக்கிறாரு. போதும். எடுக்க வேணாம்."

பயிற்சிப் பெண் என்னைவிட அதிகமாகச் சிரித்தார். போகும்போது, "சொம்பு மட்டும் வேணாம் சார்" என்றார்.

நிச்சயதார்த்தம் எங்கள் அப்பார்ட்மெண்டின் கீழ்த்தளக் கூடத்தில். தட்டு மாற்றுவதற்கு முன் பெரியவர் ஒருவர் இரு பக்கமும் சம்மதமா என்று கேட்டார். சம்பந்தி பட்டாபிராம் கிடங்கே அதிரும்படி 'சம்மதம்' என்றார். என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். முதலில் என் மூச்சுத்தான் அதில் கேட்டது, மழைக்கு முந்தைய காற்று மாதிரி. பிறகு தகரம் கீறியது.

"சம்மதம்."

"இன்னா சொன்னாரு?" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சரின்னாரு. ரெண்டாந்தபா கேக்காதே, மனசு மாறிடப் போறாரு" என்றான் மச்சான்.

தொண்டை காய்ந்துவிட்டிருந்தது. சம்பந்தி தன் கையாலேயே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரில். பட்டாபிராம் சம்பவத்துக்குப் பிறகு, நான் எதையாவது விழுங்கும்போது அவர் வாயைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, தண்டனை வாங்கிய சிப்பாய் மாதிரி நின்றார். நான் டம்ளரில் வாயை வைத்துக் குனிந்தேன்.

கூடம் அப்படியே நின்றுவிட்டது. யாரும் நிற்கச் சொல்லவில்லை. நாதஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்தினார். நான் மூச்சைப் பிடித்தபோது இரு வீட்டாரும் பிடித்துக்கொண்டார்கள். மகள் மணையில் இருந்தபடி தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் அக்கா கண்ணை இறுக மூடி, என்னைத் தவிர வேறு எதையோ கஷ்டப்பட்டு நினைத்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன். இருமினேன். மறுபடி விழுங்கினேன். நிமிர்ந்து மூச்சு விட்டேன்.

முப்பது வருஷமாக எந்த ஜோக்கையும் சரியான நேரத்தில் சொல்லத் தெரியாத மச்சான், அதுவரை காத்திருந்தான்.

"எறங்கிச்சா மாமே?" என்றான். நான் தலையாட்டியதும் கூடத்தின் பக்கம் திரும்பினான். "எறங்கிடுச்சு. சம்பந்தி சார், நீங்க வாயத் தொறக்கலாம். யக்கா, நீ இப்ப நெனைச்சுக்கோ."